தமிழ்நாட்டை வடசென்னைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்கலாம்?

படிப்பகம்_தண்டையார்பேட்டை

தண்டையார்பேட்டையில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற வாரம் தமிழ்நாடு பாடம். பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர், மாவட்டங்கள் 38, உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார்கள். முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், நெல்லுக்குத் தஞ்சாவூர், உப்புக்குத் தூத்துக்குடி, பஞ்சாலைக்குக் கோயம்புத்தூர். நமக்கு என்ன சார்?" என்றான். சுவரில் தொங்கிய படத்தில் நம் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் மட்டும் வரைந்திருந்தது.

அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவரவர் தெருவில் தொடங்கித் தமிழ்நாட்டுக்குள் போகும் செய்தி ஒன்று சொல்லுங்கள். பிள்ளைகள் நேரில் போய்த் தொட்டுப் பார்க்கக் கூடியதாக இருந்தால் மிகவும் நல்லது. பெருமைக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் தேர்வில் எழுதிவிடுவார்கள்.

கடலோடி

சார், காசிமேட்டுக்கு அழைத்து வாருங்கள், மணலைக் காட்டலாம்.

நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் சில மாதம் திருப்பித் தெற்கே தள்ளும். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கேதான் 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவரை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே இருந்த வாயிலில் மணல் சேர்ந்துகொண்டே இருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வாயிலை வடக்குப் பக்கம் மாற்றினார்கள்.

சுவருக்குத் தெற்கே தடுக்கப்பட்ட மணல் குவிந்தது. அதுதான் இன்று ஊரே போய் உட்காரும் மெரினாவின் அகலம். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. என் பாட்டனார் வலை காயவைத்த இடத்தைக் காட்ட வேண்டுமானால் நான் படகில் ஏறிக் கடலுக்குள் கை நீட்ட வேண்டும். இப்போது கரை முழுவதும் கருங்கல். பிள்ளைகளை அந்தக் கல்லின் மேல் நிறுத்தி, "மெரினாவில் இருப்பது நம் மணல்" என்று சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள்.

திருவொற்றியூர்_மருமகள்

கடலோடி அண்ணா, நான் காவிரி டெல்டாவில் வலங்கைமான் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி இருபத்திரண்டு ஆண்டாக இங்கே இருக்கிறேன். மெரினாவைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நேற்று மாலையே கல் கட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் சார், ஒன்று சொல்லியாக வேண்டும். வேளாண்மையை மட்டும் இங்கிருந்து தொடங்க முடியாது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டிக் கிளை கிளையாகப் பிரிந்து எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வரும்போது முதலில் நுரை வரும், அதற்கு முன்னால் சருகு வரும். வாய்க்கால் முழுவதும் பிள்ளைகள் சருகோடு ஓடுவோம். அது கண்ணில் படாத பிள்ளைக்குக் குறுவை என்றால் வெறும் சொல்தானே?

மீஞ்சூர்_உழவர்

அம்மா, வணக்கம். உங்கள் ஊர் வாய்க்காலைப் படித்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் வேளாண்மையை இங்கிருந்து தொடங்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்டையார்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் என் வரப்பில் நிற்கலாம்.

பிள்ளைகளுக்கு முதலில் பருவத்தின் பெயரைச் சொல்லுங்கள் சார். டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி. எங்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை. பயிர் நெல்தான். ஆனால் டெல்டாக்காரர் கணக்கு ஆற்றைப் பார்த்து நடக்கிறது, எங்கள் கணக்கு ஏரியையும் கிணற்றையும் பார்த்து நடக்கிறது. சித்திரை, வைகாசியில் கிணற்றை நம்பி விதைப்பது சொர்ணவாரி. ஐப்பசி மழையை நம்பி நிற்பது சம்பா. மார்கழி, தையில் ஏரியில் மிஞ்சியதைக் கொண்டு நடுவது நவரை.

தமிழ்நாட்டில் நாற்பதாயிரத்தை ஒட்டி ஏரிகள் உண்டு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். சங்கிலி போல அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதிக தூரம் போக வேண்டாம். மாதவரம் ஏரியும் இரட்டை ஏரியும் அப்படிப்பட்ட ஏரிகள்தான். "இதன் கலங்கல் எங்கே, வரத்துக் கால்வாய் எங்கே, மதகு எங்கே" என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்தாலும் பாடம், கிடைக்காவிட்டாலும் பாடம்.

எங்கள் கிணற்றுக் கதையையும் சொல்ல வேண்டும். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து சேர்த்த மணல் அடுக்கில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து பல ஆண்டுகள் இறைத்தார்கள். நாங்களும் இறைத்தோம். மேலே இருந்த நல்ல தண்ணீரின் அழுத்தம் குறையக் குறையக் கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே ஏறி வந்தது. என் தந்தையார் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாளிலிருந்து மாட்டுக்குக்கூட அதைக் காட்டவில்லை. இன்று மீஞ்சூர் என்றால் நகரத்தில் பலருக்கும் 2010இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு நினைவுக்கு வருவது அந்தக் கிணறு.

திருவொற்றியூர்_மருமகள்

ஐயா, மன்னிக்க வேண்டும். சொர்ணவாரி என்ற சொல்லையே இன்றுதான் கேட்கிறேன். எத்தனை அழகான பெயர்! கடைமடையில் எங்கள் உறவினர்களுக்கும் கடல்நீர் ஏறிய கிணறு உண்டு. இரண்டு ஊருக்கும் ஒரே துக்கம்.

அத்திப்பட்டு_அளம்

உப்புக்குத் தூத்துக்குடி மட்டும்தான் என்று அந்தப் பையன் நினைத்திருந்தால், அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். என் அம்மாவும் பெரியம்மாவும் அத்திப்பட்டு அளத்தில் உப்பு வாரியவர்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். உப்புநீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குவார்கள். வெயிலில் அடர்த்தி ஏறியதும் அடுத்த பாத்தி, அதற்கு அடுத்த பாத்தி. கடைசிப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து மெழுகிய திண்ணை போல ஆக்கியிருப்பார்கள். அங்கேதான் உப்பு பூக்கும். விடியலில் போனால் தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை போல முதல் உப்பு மிதக்கும். மூச்சுவிட்டால் கலைந்துவிடும் என்பாள் அம்மா. பிறகு கனத்து அடியில் இறங்கும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வரப்பு ஓரமாக இழுத்துச் சேர்ப்பார்கள். எஞ்சிய நீரைத் திரும்ப விடக் கூடாது. அது கசப்பு. உப்பின் ருசியைக் கெடுத்துவிடும். அம்மாவின் பாத வெடிப்புகளில் உப்பு ஏறி இரவெல்லாம் எரியும். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவுவது என் வேலை.

தூத்துக்குடி ஏன் முந்தியது என்பதற்கு மழைதான் காரணம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடியில் அதில் பாதிகூட இல்லை. மழை குறைந்த ஊரில் உப்புக்கு நாள் அதிகம். நெல்லுக்குப் பொல்லாத வானம் உப்புக்கு நல்ல வானம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்று பாடத்தில் வரும். அந்த இடத்துக்கான காரணத்தை வானத்தைக் காட்டிச் சொல்லுங்கள் சார்.

இன்னொன்று. எண்ணூர்ப் பக்கத்து உப்பு கால்வாய் வழியாகப் படகில் நகரத்துக்கு வந்தது. 1806இல் காக்ரேன் என்பவர் பெயரில் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பேசின் பாலத்தை ஒட்டிய ரயில்வே சரக்கு நிலையத்துக்கு இன்றும் சால்ட் கோட்டார்ஸ் என்று பெயர். கிடங்கைக் குறிக்கும் கொட்டாரம் என்ற நம் சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது.

ராயபுரம்_1856

அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றிய வரிகளை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

அந்தக் கால்வாயின் மிச்சக் கதையையும் சேர்த்துவிடுகிறேன். தாது வருடப் பஞ்சத்தில், 1877-78இல், பசித்தவர்களுக்குக் கூலி வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். அது பசியில் வெட்டிய கால்வாய் என்று தெரிந்தால் பிள்ளைகள் அதில் குப்பை போடக் கொஞ்சம் தயங்குவார்கள் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

என் பங்குக்கு ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா சாலை வரை போனது. முகப்பில் இருக்கும் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே பழையது. இந்தியாவின் முதல் ரயில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1853இல் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையில் ஓடியது பயணிகள் ரயிலில் முந்தியது.

பெரம்பூர்_ஷெல்பிரிவு

தம்பி, அதற்கும் முந்திய தண்டவாளம் நம் பக்கத்தில் இருந்ததே. 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சாலை போடக் கல் கொண்டுவர இருப்புப் பாதை அமைத்தார்கள். பொறியாளர் ஆர்தர் காட்டன் முன்னின்று செய்த வேலை. பயணிகள் போகவில்லை, கல் போனது. கல்லும் ஒரு சுமைதான்.

ராயபுரம்_1856

ஐயா சொல்வது சரி. "பயணிகள்" என்ற சொல்லைப் பிள்ளைகள் விடாமல் எழுத வேண்டும்.

பெரம்பூர்_ஷெல்பிரிவு

நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்தார். முதலில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றிடமிருந்து தொழில்நுட்பம் கற்றுக்கொண்டோம். 2018இல் பதினாறு பெட்டிகள் கொண்ட புதிய ரயில் எங்கள் வாசலிலிருந்து வெளியே போனது. அதுதான் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் டில்லியிலிருந்து வாரணாசிக்கு ஓடியது. காஷ்மீரில் ஏறும் ஒருவர் பெரம்பூரில் பற்றவைத்த தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கலாம்.

பெட்டியின் ஷெல் என்பது மேல்கூரை, பக்கச்சுவர், அடிச்சட்டம் எல்லாம் சேர்ந்த கூடு. பக்கச்சுவரைப் பற்றவைக்கும்போது சூட்டில் தகடு அலை அலையாக நெளியும். நெளிவைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது எளிது. என் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்து, நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். அந்த வட்டத்தை மட்டும் சூடாக்கித் தண்ணீர் அடித்தால் தகடு இழுத்துக்கொண்டு நேராகிவிடும். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

வியாசர்பாடி_மலர்

தொழிலைப் பேசிவிட்டுத் தொழிலாளியை விட்டுவிடாதீர்கள். பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் பி அண்ட் சி ஆலைச் சங்குக்கு எழுந்த ஊர்கள். பக்கிங்காம் ஆலை 1876, கர்நாடிக் ஆலை 1880களின் தொடக்கம். காக்கித் துணிக்குப் பெயர் பெற்றவை. அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. ஓடி வந்தாலும் கதவு சாத்தியிருக்கும். அந்தச் சின்னக் குறையிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

ராயபுரம்_1856

இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று எழுதலாமா? பம்பாயில் 1890இலேயே லோக்கண்டே ஆலைத் தொழிலாளர்களுக்கு ஓர் அமைப்பு தொடங்கினாரே.

வியாசர்பாடி_மலர்

நல்ல கேள்வி அண்ணா. பம்பாய் அமைப்புக்கு முறையான உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ விதிகளோ கிடையாது. அவற்றோடு ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் சென்னையுடையது என்று எழுதினால் சரியாக இருக்கும். பம்பாயின் பெயரையும் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்து நாம் உயர வேண்டியதில்லை. 1996இல் ஆலை மூடியபோது என் அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. சங்கு நின்ற பிறகும் பல மாதம் அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்.

மக்களைப் பற்றி ஒன்று. பர்மாவில் 1960களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது திரும்பி வந்த தமிழர்கள் எங்கள் வியாசர்பாடிப் பக்கம் நிறையப் பேர் குடியேறினார்கள். எங்கள் தெருமுனையில் அத்தோ என்ற பர்மா உணவு விற்கும் பெரியம்மா, வேகவைத்த சேமியாவில் நறுக்கிய முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வடை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைவார். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான மொய்ங்கா சூப். அவருக்கு ஐந்து வயதில் ரங்கூனில் கப்பல் ஏறிய நினைவு இருக்கிறது. தமிழ்நாட்டு மக்கள் என்ற பாடத்தை அந்த வண்டியின் முன்னால் நின்று நடத்தலாம்.

வண்ணாரப்பேட்டை கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த ஊர். காலடிப்பேட்டை, காலட் என்ற ஆளுநர் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. இரண்டையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

மீஞ்சூர்_உழவர்

மணலியை யாரும் சொல்லவில்லையே. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே 1971இல் உர ஆலை. சுத்திகரிப்பில் கிடைக்கும் நாப்தா என்ற லேசான எண்ணெயிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. 2019இல் எண்ணூருக்குக் கப்பலில் திரவ எரிவாயு வரத் தொடங்கியதும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறினார்கள். நான் தோளில் தூக்கும் 45 கிலோ மூட்டையில் 2022 வரை விஜய் யூரியா என்று அச்சிட்டிருந்தது. திருவொற்றியூர் அம்மாவின் வலங்கைமான் வயலுக்கும் அந்த மூட்டை போயிருக்கும்.

திருவொற்றியூர்_மருமகள்

போயிருக்கிறது ஐயா! என் அப்பா வைக்கோல் கட்ட வைத்திருந்த சாக்குகளில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆலையின் பின்னால்தான் இருபத்திரண்டு ஆண்டாகக் குடியிருக்கிறேன் என்பது இந்த நிமிடம்தான் உறைக்கிறது. காற்று திரும்பும் இரவுகளில் அதன் வாடையும் வீட்டுக்குள் வரும். அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

கடலோடி

மறைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரம் வரை படிந்தது. என் மைத்துனர் படகு, வலை, கை எல்லாம் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்துவிட்டது. இறால் தடவிப் பிழைக்கும் பெண்கள் பல வாரம் ஆற்றில் இறங்க முடியவில்லை.

பழவேற்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதிகப் பகுதி ஆந்திராவில், தென்முனை நம்மிடம். அங்கே மீனவ ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் கிடைக்கும் இடத்தை வலிமையுள்ளவர் பிடித்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று, முறை வைத்து, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று வலை கட்டுவார்கள். இன்றைக்கு உங்களுக்கு நல்ல இடம் கிடைத்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். எழுதிய சட்டம் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு.

படிப்பகம்_தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதை அச்செடுத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன். கேள்வி கேட்ட பையன் சுவரில் இருந்த படத்தை எடுத்துத் தரையில் விரித்துப் பென்சிலால் கோடு போடத் தொடங்கினான். மணலியிலிருந்து வலங்கைமானுக்கு ஒன்று, பெரம்பூரிலிருந்து படத்துக்கு வெளியே வடக்கே ஒன்று, மெரினாவிலிருந்து நம் கரைக்கு ஒன்று. கடைசிக் கோட்டின் நடுவில் துறைமுகச் சுவரைக் குறுக்கே வரைந்து, அதோடு கோட்டை நிறுத்திவிட்டான். அவன் அப்பாவும் படகுக்குப் போகிறவர்தான்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குக் காசிமேடு வருகிறோம், கடலோடி அண்ணா. பதினெட்டுப் பேர். அடுத்த வாரம் மீஞ்சூர். ஐயா, சம்பா நாற்று இன்னும் நாற்றங்காலில் இருக்குமா, நட்டுவிடுவீர்களா? நடுவதற்கு முன்னால் வந்தால் பிள்ளைகள் சேற்றில் இறங்கலாமா?

மீஞ்சூர்_உழவர்

நாற்று இருபது நாள்தான் ஆகிறது. பதினெட்டுப் பேருக்கும் இடம் விட்டு வைக்கிறேன். மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லுங்கள். குடிதண்ணீரும் கையோடு கொண்டு வாருங்கள்.